எந்தப் பொறியை வாங்குவது?



தீபாவளியோ ஆண்டுத் தேர்வின் முடிவோ நெருங்கும்போது நம் வீடுகளில் எழும் கோரிக்கை ஒன்றைப் பற்றி இன்று பேசக் கருதுகிறோம். தொழிலின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய குடும்பங்களில், பத்து வயதைக் கடந்த பிள்ளைகள் 'கன்சோல்' என்னும் விளையாட்டுப் பொறி வேண்டுமென்று கேட்கிறார்கள். வேலையில் சேர்ந்து முதலாண்டுச் சேமிப்பைக் கையில் வைத்திருக்கும் இளைஞர்களும் அதையே விரும்புகிறார்கள். விருப்பம் இயல்பானதே. விலைதான் நம்மை நின்று எண்ண வைக்கிறது. 2020-ஆம் ஆண்டு நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் என்னும் பொறி இந்தியாவில் 49,990 ரூபாய்க்கு வெளிவந்தது. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 அதே விலைக்கு வந்தது. பின்னர் இரண்டின் விலையும் ஏறின. பல குடும்பங்களில் இத்தொகை ஒரு மாத ஊதியமாகும். அதனினும் மிகுதியாக உள்ள குடும்பங்களும் உண்டு. ஆகவே வாங்குவதற்கு முன் சற்று ஆராய்வது தகும்.

கடைக்குச் செல்வோர் பெரும்பாலும் 'எந்தப் பொறி சிறந்தது?' என்று கேட்கிறார்கள். இக்கேள்விக்கு விடை கிடைப்பது அரிது. ஒரே காலத்தில் வெளிவந்த பொறிகளின் ஆற்றலில் உள்ள வேற்றுமை, நம் வீட்டுத் தொலைக்காட்சித் திரையில் எளிதில் புலப்படுவதன்று. புலப்படும் வேற்றுமை ஒன்று உண்டு. ஒரு பொறியில் ஆடக்கூடிய ஆட்டம் மற்றொன்றில் கிடைப்பதில்லை. ஒரு நூலை எந்த விளக்கின் ஒளியிலும் படிக்கலாம். பாட்டு அடங்கிய தட்டை எந்த நிறுவனத்தின் கருவியிலும் கேட்கலாம். விளையாட்டுப் பொறிகளின் உலகில் அந்த உரிமை இல்லை. ஒரு நிறுவனத்தின் பொறிக்கென மட்டும் வெளியிடப்படும் ஆட்டத்தைக் கடைக்காரர்கள் 'எக்ஸ்க்ளூசிவ்' என்பார்கள். நாம் அதைத் தனியுரிமை ஆட்டம் என்று வழங்குவோம். பொறியைத் தேர்ந்தெடுப்பது என்பது, உண்மையில், இந்தத் தனியுரிமை ஆட்டங்களைத் தேர்ந்தெடுப்பதே ஆகும்.

நிறுவனங்கள் இவ்வாறு வேலி கட்டுவதன் காரணம் வாணிகத்தைச் சார்ந்தது. பொறியை விற்பதில் பெரும் இலாபம் கிடைப்பதில்லை. சில வேளைகளில் அடக்க விலைக்கும் குறைவாகவே விற்கிறார்கள். எக்ஸ்பாக்ஸ் பொறிகளின் விற்பனையால் மட்டும் தாங்கள் இலாபம் கண்டதில்லை என்று மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் 2021-ஆம் ஆண்டில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றிலேயே சான்று கூறினார். இலாபம் ஆட்டங்களிலிருந்து வருகிறது. தம் ஆட்டங்களை விற்பதோடு, பிற நிறுவனங்கள் தம் பொறிக்கென விற்கும் ஒவ்வோர் ஆட்டத்திலும் அவர்கள் ஒரு பங்கு பெறுகிறார்கள். எனவே முதலில் பொறி நம் வீட்டிற்குள் வந்தாக வேண்டும். அதை உள்ளே கொணரும் தூண்டில், வேறெங்கும் கிடைக்காத ஆட்டமே.

இவ்வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. 1978-ஆம் ஆண்டில் ஜப்பானில் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் ஆட்டத்தை, 1980-ஆம் ஆண்டில் அட்டாரி நிறுவனம் தன் வீட்டுப் பொறிக்கென உரிமை பெற்று வெளியிட்டது. அந்த ஓர் ஆட்டத்திற்காகவே மக்கள் பொறியை வாங்கினார்கள். அதன் விற்பனை பன்மடங்கு பெருகிற்று. அடுத்து வந்த நிண்டெண்டோ நிறுவனம், 1889-ஆம் ஆண்டில் கியோட்டோ நகரில் சீட்டு அச்சிடும் தொழிலாகத் தொடங்கியது. 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தன் பொறிக்கு ஆட்டம் செய்து தருவோர்க்கு அது கடுமையான விதி வகுத்தது. ஆண்டுக்கு ஐந்து ஆட்டங்களுக்கு மேல் வெளியிடலாகாது. வெளியிட்ட ஆட்டத்தை இரண்டாண்டுகள் வேறு பொறிக்குத் தரலாகாது. அவ்விதி பின்னர்த் தளர்ந்தது. ஆனால் அதன் பின்னிருந்த எண்ணம் நிலைத்துவிட்டது.

ஆட்டங்கள் ஒரு பொறியை விட்டு மற்றொன்றுக்குப் பெயர்ந்ததால் நிறுவனங்களின் நிலை மாறியதும் உண்டு. 'பைனல் பேண்டஸி' என்னும் தொடரின் முதல் ஆறு ஆட்டங்களும் நிண்டெண்டோவின் பொறிகளுக்கென வந்தவை. ஏழாவது ஆட்டம் 1997-ஆம் ஆண்டில் சோனியின் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. நிண்டெண்டோவின் அன்றைய புதிய பொறி, கொள்ளளவு குறைந்த கார்ட்ரிட்ஜ்களை நம்பியிருந்தது. சோனியின் பொறியோ ஏறத்தாழ 650 மெகாபைட் கொள்ளும் குறுந்தட்டுகளை ஏற்றது. புதிய ஆட்டத்திற்கு அத்தகைய தட்டுகள் மூன்று தேவைப்பட்டன. ஆறு ஆட்டங்களையும் நிண்டெண்டோ பொறியில் ஆடி முடித்து ஏழாவதற்குக் காத்திருந்தவர்கள், அது நிண்டெண்டோவின் பொறி ஒன்றில் வருவதைக் காண 2019-ஆம் ஆண்டு வரை, அதாவது இருபத்திரண்டு ஆண்டுகள், பொறுத்திருக்க வேண்டியதாயிற்று.

சேகா நிறுவனத்தின் வரலாறு இன்னும் வியப்பிற்குரியது. 1991-ஆம் ஆண்டில் பிறந்த சோனிக் என்னும் நீல நிற முள்ளெலியைக் காட்டியே அந்நிறுவனம் நிண்டெண்டோவோடு போட்டியிட்டது. 2001-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பொறி செய்யும் தொழிலை விட்டு விலகுவதாக அது அறிவித்தது. அவ்வாண்டு முடிவதற்குள் சோனிக் நிண்டெண்டோவின் பொறிகளில் ஓடத் தொடங்கிவிட்டது. அதே 2001-இல் மைக்ரோசாப்ட் தன் முதல் எக்ஸ்பாக்ஸ் பொறியை 'ஹேலோ' என்னும் ஆட்டத்தோடு வெளியிட்டது. அந்த ஆட்டத்தை முதலில் 1999-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தின் மேடையில்தான் காட்டினார்கள். அதைச் செய்துவந்த பங்கீ நிறுவனத்தையே 2000-ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கி, ஆட்டத்தை மைக்ரோசாப்ட் தனதாக்கிக் கொண்டது.

இவற்றைக் கூறுவதற்குக் காரணம் உண்டு. தனியுரிமை என்பவை எல்லாம் ஒரே தன்மையன அல்ல. அவற்றை மூன்றாகப் பகுத்துக் கொண்டால் நம் முடிவு எளிதாகும்.

முதல் வகை, பொறி செய்யும் நிறுவனமே தன் கூடத்தில் செய்து, தன் பொறியை விட்டு வெளியே விடாத ஆட்டங்கள். நிண்டெண்டோவின் 'மாரியோ', 'ஜெல்டா' ஆகியவை இவ்வகையின. 2017-ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்விட்ச் பொறியின் பெரிய ஆட்டங்கள் சோனியின் பொறிக்கோ கணினிக்கோ வரவில்லை. இவற்றை விரும்புவோர்க்குக் காத்திருத்தல் என்னும் வழி இல்லை. அந்தப் பொறியை வாங்க வேண்டும். அன்றேல் ஆட்டத்தை மறக்க வேண்டும்.

இரண்டாம் வகை, சில காலம் அடைத்து வைத்துப் பின்னர்த் திறந்துவிடும் ஆட்டங்கள். சோனியின் பல ஆட்டங்கள் இன்று இவ்வகையைச் சேர்ந்துவிட்டன. 2017-இல் பிளேஸ்டேஷனில் வந்த 'ஹொரைசன் ஜீரோ டான்' 2020-இல் கணினிக்கு வந்தது. 2018-இல் வந்த 'காட் ஆப் வார்' 2022-இலும், 2020-இல் வந்த 'கோஸ்ட் ஆப் சுஷிமா' 2024-இலும் கணினியை அடைந்தன. மூன்று அல்லது நான்கு ஆண்டு இடைவெளி என்று கொள்ளலாம். எனினும் இதை மாறா விதியாகக் கருதலாகாது. 2015-இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற 'பிளட்போர்ன்', பத்தாண்டுகள் கடந்தும் கணினியை எட்டவில்லை.

நம் நாட்டோடு தொடர்புடைய சான்றுகளும் இங்குண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையையும் ஹொய்சளர் காலக் கட்டடங்களையும் களமாகக் கொண்ட 'அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி' என்னும் ஆட்டம் 2017-ஆம் ஆண்டில் பிளேஸ்டேஷன் 4-க்கு மட்டும் வந்தது. விடுமுறை நாளில் பேலூரும் ஹளேபீடும் சென்று திரும்பிய பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளை ஒருவன், அச்சிற்பங்களின் சாயலைத் திரையில் காண அந்த ஒரு பொறியையே நாட வேண்டியிருந்தது. 2022-இல் அது கணினிக்கும் வந்துவிட்டது. புணேயில் இயங்கும் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்னும் குழுவினர் செய்த 'ராஜி' என்னும் ஆட்டம் 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நிண்டெண்டோ ஸ்விட்சில் மட்டும் வெளிவந்தது. அக்டோபரில் பிற பொறிகளுக்கும் கணினிக்கும் வந்தது. இந்தியக் கதையை இந்தியர் செய்த ஆட்டம், இந்தியாவில் முறையாக விற்பனைக்கே விடப்படாத பொறியில் முதலில் வந்தது என்பதை நோக்குக. வேலியின் பக்கம் எது என்பதைச் செய்தவர் நாடு முடிவு செய்வதில்லை. ஒப்பந்தம் முடிவு செய்கிறது.

மூன்றாம் வகை, பெயரளவில் தனியுரிமை உடைய ஆட்டங்கள். மைக்ரோசாப்ட் தன் சொந்த ஆட்டங்களை எக்ஸ்பாக்சில் வெளியிடும் நாளிலேயே கணினியிலும் வெளியிடும் வழக்கத்தைச் சில ஆண்டுகளாகக் கைக்கொண்டுள்ளது. 2024-ஆம் ஆண்டில் தன் ஆட்டங்கள் நான்கினைப் போட்டி நிறுவனங்களின் பொறிகளுக்கும் தந்தது. 2025-இல் 'போர்சா ஹொரைசன் 5' பிளேஸ்டேஷன் 5-இல் வெளிவந்தது. எக்ஸ்பாக்சின் கொடியாக இருந்த 'ஹேலோ'வின் புதுப்பித்த வடிவமும் பிளேஸ்டேஷனுக்கு வரும் என்று அவ்வாண்டு அக்டோபரில் அறிவித்தார்கள். ஆகவே நல்ல கணினி ஏற்கெனவே உள்ள வீட்டார் ஆட்டங்களுக்காக மட்டும் எக்ஸ்பாக்ஸ் வாங்க வேண்டிய தேவை மிகக் குறைவு. கணினி இல்லாதவர்க்கு அது எளிய பொறியாகப் பயன்படலாம். அது வேறு கணக்கு.

இனிக் கணக்கிடும் முறையைக் காண்போம். கடைக்குச் செல்வதற்கு முன் வீட்டார் ஒன்றாக அமர்ந்து, வரும் இரண்டாண்டுகளில் உண்மையாகவே ஆட விரும்பும் ஆட்டங்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுக. விளம்பரத்தில் கண்டவற்றை எழுத வேண்டா, ஆடப்போவனவற்றையே எழுதுக. பின்னர் எல்லாப் பொறிகளிலும் கிடைப்பவற்றை அடித்துவிடுக. கால்பந்து, மட்டைப்பந்து, 'மைன்கிராப்ட்', 'போர்ட்நைட்' போன்றவை இங்கே நீங்கிவிடும். பின்னர், நாம் பொறுத்திருக்க இசைந்தால் கணினிக்கு வரக்கூடியவற்றை ஒதுக்குக. எஞ்சி நிற்பவையே பொறியை முடிவு செய்யும் ஆட்டங்கள்.

எஞ்சியவை இரண்டே என்று கொள்வோம். பொறியின் விலை 50,000 ரூபாய் எனின், ஒவ்வோர் ஆட்டத்தின் தலையிலும் 25,000 ரூபாய் ஏறுகிறது. ஆட்டத்தின் விலை தனி. பிளேஸ்டேஷன் 5 வெளிவந்த காலத்தில் சோனியின் புதிய ஆட்டங்கள் 4,999 ரூபாய்க்கு விற்றன. ஆக ஓர் ஆட்டத்தை ஆட நாம் தரும் உண்மை விலை ஏறத்தாழ 30,000 ரூபாய். எஞ்சியவை பத்து எனின், அதே ஆட்டத்தின் உண்மை விலை 10,000 ரூபாயாகக் குறைகிறது. இக்கணக்கை எழுதிப் பார்த்த பின்னரும் வாங்க மனம் இசைந்தால், தயங்காமல் வாங்கலாம். தாள் வெறுமையாகிவிட்டால் இருக்கும் கணினியே போதும். அல்லது எந்தப் பொறி மலிவோ அது போதும்.

தமிழகத்திற்கு வெளியே வாழும் நமக்குச் சில தனிக் கவலைகளும் உண்டு. அவற்றுள் முதலாவது இடமாற்றம். வங்கியிலும் இரயில்வேயிலும் பணிபுரிவோர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறுகிறார்கள். விடுதியில் தங்கியிருக்கும் இளைஞர்க்குத் தொலைக்காட்சியே இராது. கையில் எடுத்துச் செல்லவும் வீட்டில் திரையோடு இணைக்கவும் இயலும் ஸ்விட்ச் போன்ற பொறி அவர்களுக்கு ஏற்றது போலத் தோன்றும். ஆயினும் ஸ்விட்ச் இந்தியாவிற்கு இறக்குமதி வணிகர் வழியே வந்தது. அவ்வாறு வாங்கிய பொறி பழுதுற்றால் செய்த நிறுவனத்தின் பழுதுநீக்கும் நிலையத்தை இங்கே எதிர்பார்க்க இயலாது. மும்பை லாமிங்டன் சாலையிலும், தில்லி பாலிகா பஜாரிலும், பெங்களூர் எஸ்.பி. சாலையிலும் இத்தகைய பண்டங்களைத் தேடிச் செல்வோர், விலையோடு இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, தட்டு. தட்டு ஏற்கும் பொறி, தட்டு ஏற்காத பொறி என இரு வகைகளைக் கடையில் காட்டுவார்கள். தட்டு ஏற்காதது சில ஆயிரம் ரூபாய் மலிவு. ஆனால் ஆடி முடித்த தட்டை நண்பரோடு மாற்றிக் கொள்ளலாம். பாதி விலைக்குப் பழைய தட்டு வாங்கலாம். ஊருக்குச் செல்லும்போது சித்தப்பா மகனுக்குக் கொடுத்துவிட்டு வரலாம். இணையத்தில் வாங்கிய ஆட்டத்தைக் கைமாற்ற இயலாது. அன்றியும் இணையக்கடைகள் என்றும் திறந்திருப்பவை அல்ல. நிண்டெண்டோவின் 3டி.எஸ்., வீ யூ ஆகிய பொறிகளுக்கான கடை 2023-ஆம் ஆண்டு மார்ச்சிலும், எக்ஸ்பாக்ஸ் 360-க்கான கடை 2024-ஆம் ஆண்டு ஜூலையிலும் மூடப்பட்டன. சிக்கனம் கருதுவோர் ஒரு தலைமுறை பழைய பொறியையும் அதன் தட்டுகளையும் வாங்குவதில் இழிவு ஏதுமில்லை. ஆட்டம் பழகுவோர்க்குப் புதிதே.

மூன்றாவதாகக் கூறுவதே நாம் பெரிதாகக் கருதுவது. சென்னையிலோ திருச்சியிலோ படித்த பிள்ளை ஆறாம் வகுப்பில் நாகபுரிப் பள்ளியொன்றில் சேர்கிறது. இந்தி பாதி, மராத்தி கால், ஆங்கிலம் கொஞ்சம். பேச்சு வருவதற்கு முன்பே அப்பிள்ளைக்குத் தோழர் வேண்டும். மொழி தடுமாறும் இடத்தில் ஆட்டம் கைகொடுக்கிறது என்பதைத் தெருவில் கோலி ஆடிய தலைமுறை நன்கறியும். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் ஆடும் ஆட்டம் தன்னிடத்திலும் இருக்க வேண்டும் என்று நம் பிள்ளை கேட்டால், அதைப் பொறாமை என்று தள்ளிவிடலாகாது. அங்கே கேட்கப்படுவது பொறியன்று, தோழமை. அந்நிலையில் தெருவில் எப்பொறி மிகுதியோ அதுவே தக்க பொறி. திறனாய்வாளர் தரும் மதிப்பெண்களைப் பொருட்படுத்த வேண்டா.

ஊரில் உள்ள அத்தை மகனோடும் மாமன் மகளோடும் மாலைதோறும் இணையவழி ஆட விரும்பும் பிள்ளைகளும் உண்டு. இங்கு ஒரு நற்செய்தி கூறலாம். முன்பு ஒருவர் பிளேஸ்டேஷனும் மற்றவர் எக்ஸ்பாக்சும் வைத்திருந்தால் ஒன்றாக ஆட இயலாது. 2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் 'போர்ட்நைட்' ஆட்டத்திற்குச் சோனி அத்தடையை நீக்கியது. பின்னர் வேறு பல ஆட்டங்களும் அவ்வழி வந்தன. ஆயினும் எல்லா ஆட்டங்களும் அல்ல. ஆகவே ஊரிலுள்ள உறவினரிடம் முன்னதாகக் கேட்டு, இருவர் விரும்பும் ஆட்டம் இரு பொறிகளையும் இணைக்கிறதா என்று அறிந்து வாங்குதல் நலம். இதற்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். அதைச் செய்யாமையால் பாட்டி வீட்டுப் பிள்ளைகள் வேலியின் இரு பக்கங்களில் நிற்க நேரிடும்.

தனியுரிமையை முற்றும் தீமை என்று கூறுவதற்கும் இல்லை. ஒரு பொறியின் இயல்பை நன்கறிந்து, அதற்கெனவே செய்த ஆட்டங்களில் தனிச்சுவை இருக்கிறது. 2024-இல் சோனி வெளியிட்ட 'ஆஸ்ட்ரோ பாட்' என்னும் ஆட்டம், கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கருவியின் அதிர்வையும் அசைவையும் ஆட்டத்தின் பகுதியாகவே ஆக்கிற்று. நிண்டெண்டோவின் சிறந்த ஆட்டங்களும் அத்தகையன. நாம் வெறுக்க வேண்டியது பணம் கொடுத்து அடைத்து வைக்கும் வேலியை. பொறியோடு ஒன்றிப் பிறந்த கலையை அன்று. மற்றொன்றும் நினைவில் வேண்டும். நல்ல தனியுரிமை ஆட்டங்கள் இருந்தும் ஒரு பொறி வீழ்வதுண்டு. 2012-இல் வெளிவந்த வீ யூ ஒரு கோடியே 36 இலட்சத்திற்குள்ளாகவே விற்று நின்றது. அதன் 'மாரியோ கார்ட் 8' ஆட்டம் 2017-இல் ஸ்விட்சிற்குப் பெயர்ந்து ஆறு கோடிக்கும் மேல் விற்றது. ஆட்டம் வாழ்ந்தது; பொறியை நம்பி வாங்கியவர் மீண்டும் ஒரு பொறி வாங்க வேண்டியதாயிற்று. ஆகவே புதுப்பொறி வந்த முதல் நாளிலேயே ஓடி வாங்காமல், ஓராண்டு பொறுத்து, வாக்களித்த ஆட்டங்கள் வந்தனவா என்று பார்த்து வாங்குவோர் ஏமாற்றம் அடைவது குறைவு.

வீட்டில் இரண்டு பொறிகள் வேண்டுமா என்றும் சிலர் கேட்பர். பொருள் உடையோர் நிண்டெண்டோவின் பொறியும் ஒரு நல்ல கணினியும் வைத்திருந்தால், வேலிக்குள் அடைபட்ட ஆட்டங்களுள் பெரும்பாலானவற்றைக் காலம் தாழ்த்தியேனும் ஆடிவிடலாம். சோனியின் ஆட்டங்களை வெளிவந்த அன்றே ஆட விரும்புவோர் மட்டும் மூன்றாம் கணக்கைப் போட வேண்டும். எஞ்சியோர்க்கு ஒரு பொறி போதும். ஒரு பொறியில் உள்ள நல்லாட்டங்களை முடிப்பதற்கே வாரத்தில் நமக்குக் கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒன்று போதாது.

பண்டிகைக்கு இன்னும் நாள் இருக்கிறது. தாளையும் பேனாவையும் எடுத்துப் பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக் கொண்டு பட்டியலை எழுதத் தொடங்குங்கள். எதை அடிப்பது, எதை வைப்பது என்று அவர்களே வாதாடட்டும். பணத்தின் அளவையும் விருப்பத்தின் அளவையும் ஒன்றாக வைத்து எண்ணிப் பார்க்கும் பயிற்சி அவர்களுக்குப் பள்ளியில் எளிதில் கிட்டுவதன்று. அந்த மாலையில் அது வீட்டிலேயே கிட்டும்.